மணல் படகும் பீரங்கிப் படகும்

2009 ஜூன் மாதம். பரதீப்பில் இரும்புத்தாது ஏற்றிக்கொண்டு சீனாவின் யாங்சே ஆற்றில் மேலேறிக்கொண்டிருந்தோம். ஜென்ஜியாங் போய்ச் சேர வேண்டும். நான் செகண்ட் மேட், அதாவது இரண்டாம் நிலைத் துணை அதிகாரி. பகல் பன்னிரண்டு முதல் நாலு வரை என் வாட்ச், கப்பலோட்டும் பொறுப்பு. பாவோஷானில் ஏறிய, ஆற்றில் கப்பலுக்கு வழிகாட்டும் பைலட்டுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். தேயிலை மிதக்கும் வெந்நீர்க் குடுவை ஒன்றைக் கையிலிருந்து இறக்கவே மாட்டார்.

எதிரே மணல் படகுகள் வரிசையாக வந்தன. யாங்சேயில் இவற்றைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன்: ஓரப்பலகைக்கும் தண்ணீருக்கும் ஒரு சாண்கூட இடைவெளி இருக்காது. தூரத்திலிருந்து பார்த்தால் மணல் மேடு மட்டும் ஆற்றில் நகர்ந்து வருவதுபோல் இருக்கும். பின்பக்கம் ஒரு சின்ன வீடு. குடும்பமே அதில்தான். ஒரு படகில் ஒரு பெண் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். பக்கத்தில் தவழ்ந்த குழந்தையின் இடுப்பில் கயிறு கட்டி, மறுமுனையைக் கதவுக் கொண்டியில் முடிந்திருந்தார்கள்.

பைலட் "டெட் ஸ்லோ" என்றார், மிகக் குறைந்த வேகம். நான் எஞ்சின் வேகத்தை மாற்றும் கைப்பிடியான டெலிகிராஃபை இழுத்தேன். இப்படியே நாலாவது முறை. கடல் ஏற்றத்தின் நீரோட்டத்தோடு ஏறினால்தான் நேரத்துக்குப் போக முடியும் என்ற கணக்கு என் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. "படகுகள் ஓரமாகத்தானே போகின்றன பைலட், நமக்கு ஆழ வழித்தடம் இருக்கிறதே" என்று சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. உடைந்த ஆங்கிலத்தில் அவர் சொன்னதன் சாரம் இது: "நம் அலை அங்கே போய்ச் சேர ஒரு நிமிடம் ஆகும். அதற்குள் நாம் தாண்டிப் போயிருப்போம். என்ன நடந்தது என்று நீ பார்க்கக்கூட மாட்டாய்."

கொஞ்ச நேரம் கழித்து வலப்பக்கக் கரையையும் ஒரு தீவையும் கைகாட்டி, "சான்ஜியாங்யிங். 1949. ஆங்கிலேயப் போர்க்கப்பல்" என்றார். அவ்வளவுதான். மறுபடி தேநீர்.

ஜென்ஜியாங்கில் சரக்கு இறக்க நாலு நாள் ஆனது. ஒரு மாலை கரைக்குப் போனேன். சீஜின் படித்துறைப் பழைய தெருவை ஒட்டிய குன்றில் ஒரு செங்கல் கட்டடம். முன்பு பிரிட்டிஷ் தூதரகமாக இருந்தது, இப்போது நகர அருங்காட்சியகம். அங்கே நின்றபோதுதான் 1842 நினைவுக்கு வந்தது. பிரிட்டனும் சீனாவும் மோதிய முதல் அபினிப் போரின் கடைசிப் பெரிய சண்டை அந்த ஆண்டு ஜூலையில் இதே ஊரில் நடந்தது. பிரிட்டிஷ் படையோடு மதராஸ் காலாட்படைச் சிப்பாய்களும் வந்திருந்தார்கள். நம் பக்கத்து ஆட்கள் இந்த ஆற்றில் முதன்முதலாகக் கூட்டமாக வந்தது, அடுத்தவன் சண்டைக்குக் கூலிக்கு வந்ததுதான். சரக்கோடு வந்து நின்றிருந்த எனக்கு அது உறுத்தியது. அந்த உறுத்தலில்தான் படிக்க ஆரம்பித்தேன். இத்தனை வருடத்தில் படித்ததையும் கப்பலில் பட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். கடலுக்குப் போகும் தம்பி தங்கைகளுக்கு உதவலாம்.

பின்னணி சுருக்கமாக. 1858 தியான்ஜின் ஒப்பந்தம் யாங்சேயை வெளிநாட்டு வணிகத்துக்குத் திறந்துவிட்டது. கடற்கொள்ளையரைத் துரத்துவதாக இருந்தாலும் சரி, பகை நோக்கமில்லாத வருகையாக இருந்தாலும் சரி, பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் எந்தச் சீனத் துறைமுகத்துக்கும் வரலாம் என்றும் அதில் எழுதிக்கொண்டார்கள். அமெரிக்கா, பிரான்ஸ், ஜப்பான் எல்லோரும் பின்னால் வந்தார்கள். 1911 புரட்சிக்குப் பிறகு மன்னராட்சி போய், 1916 வாக்கில் நாடு படைத்தலைவர்கள் கையில் துண்டு துண்டானது. ஆற்றங்கரையில் ஆளாளுக்கு வரி, ஆளாளுக்குத் துப்பாக்கி. அந்தக் காலத்தில்தான் பீரங்கிப் படகுகளின் காவல் தினசரி வேலையானது. பிரிட்டனின் 'பூச்சி' வகைப் படகுகளுக்குக் வண்டு, கொசு, தேனீ போல ஆளுக்கொரு பூச்சிப் பெயர். நீளம் 72 மீட்டர், ஆனால் சுமார் 1.2 மீட்டர் தண்ணீர் இருந்தால் போதும், மிதக்கும். அதில் இரண்டு ஆறு அங்குலப் பீரங்கிகள். அமெரிக்கா யாங்சே ரோந்துப் படையை 1919-இல் முறைப்படி அமைத்து, பிறகு ஷாங்காயின் கியாங்னான் கப்பல் கட்டும் தளத்திலேயே ஆறு புதிய படகுகளைக் கட்டிக்கொண்டது. கரையிலிருந்து சும்மா சுடுவார்கள் என்பதால் வணிக நீராவிக் கப்பல்களின் பிரிட்ஜைச் சுற்றி, அதாவது கப்பலை ஓட்டும் மேல்மாடத்தைச் சுற்றி, இரும்புத் தகடு அடித்தார்கள். சில கப்பல்களில் கடற்படை வீரர்களே துப்பாக்கியோடு காவலுக்கு ஏறினார்கள்.

இனி, அந்த பைலட் எனக்குச் சொன்ன அலை விஷயத்துக்கு வருகிறேன். 1926 ஆகஸ்ட் 29. மேல் யாங்சேயில் யுன்யாங் அருகே, பிரிட்டிஷ் நிறுவனம் ஒன்றின் 'வான்லியூ' என்ற நீராவிக் கப்பல் போகிறது. யாங் சென் என்ற படைத்தலைவரின் சிப்பாய்கள் சாம்பன் படகுகளில் ஆற்றில் இருக்கிறார்கள். கப்பலின் அலையில் படகுகள் கவிழ்ந்தன. ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் மூழ்கினார்கள், படைக்கான வெள்ளிப் பணமும் போனது என்பது சீனத் தரப்பின் கணக்கு. ஆயுதத்தோடு கப்பலில் ஏற வந்தார்கள், நிறுத்தினால் ஆபத்து என்பதால் வேகம் குறைக்கவில்லை என்பது கப்பல் தரப்பு. இரண்டிலும் உண்மை இருக்கலாம். வேகத்தைக் குறைப்பதா வேண்டாமா என்று பிரிட்ஜில் ஒருவர் சில நொடிகளில் எடுத்த முடிவுதான் இது. நானும் அப்படி ஒரு டெலிகிராஃபின் முன்னால் அவசரப்பட்டு நின்றவன் என்பதால் இந்த இடத்தை என்னால் வேகமாகத் தாண்டிப் படிக்க முடிந்ததில்லை.

யாங் சென் பதிலுக்கு, வான்சியன் ஊரில் நின்ற அதே நிறுவனத்தின் 'வான்சியன்', 'வான்துங்' என்ற இரண்டு கப்பல்களைப் பிடித்து, ஆறு அதிகாரிகளைச் சிறைவைத்தார். 'காக்சேஃபர்' என்ற பிரிட்டிஷ் பீரங்கிப் படகு அங்கேயே நின்றது. ஆனால் கரையில் பீரங்கிகள் அதைக் குறிவைத்திருந்தன. பேச்சு முறிந்தது. அப்புறம் கடற்படை ஒரு காரியம் செய்தது. 'கியாவோ' என்ற வணிகக் கப்பலை எடுத்து, தகடு அடித்து, உள்ளே கடற்படை ஆட்களை நிரப்பி, செப்டம்பர் 5 அன்று வான்சியனுக்கு அனுப்பினார்கள். பிடிபட்ட கப்பலின் பக்கத்தில் அணைத்துக் கட்டிக்கொண்டு உள்ளே பாய்ந்தார்கள். கைகலப்பு, துப்பாக்கிச் சூடு. ஆறு பேரில் ஐந்து பேர் மீட்கப்பட்டார்கள், ஒருவர் ஆற்றில் மூழ்கிப் போனார். கடற்படையில் ஏழு பேர் செத்தார்கள். 'காக்சேஃபர்', 'விட்ஜன்' படகுகள் ஊருக்குள்ளே குண்டு போட்டன. சீனத் தரப்பு பல நூறு உயிர்கள் என்கிறது. இன்றும் அங்கே அதைச் 'செப்டம்பர் 5 படுகொலை' என்றுதான் சொல்கிறார்கள்.

இதில் என்னை அதிகம் கலங்கடிப்பது 'கியாவோ'தான். வணிகக் கப்பல் உருவத்தில் போர்க்கப்பல். அதன் பிறகு அந்த ஆற்றில் வந்த ஒவ்வொரு சரக்குக் கப்பலையும் கரையில் இருப்பவன் எப்படிப் பார்த்திருப்பான்? ஆயுதம் தாங்காத கப்பல் என்பதுதான் நமக்கு இருக்கும் முதல் பாதுகாப்பு. அதை ஒருமுறை விற்றுவிட்டால் திரும்ப வாங்க முடியாது. உங்கள் கப்பலை, உங்கள் ரேடியோவை, உங்கள் கொடியை யாருடைய படை வேலைக்கும் 'ஒரே ஒரு தடவை' என்று கேட்டால், அந்தக் கோரிக்கை எழுத்தில் கம்பெனி வழியாகவும், கப்பல் பதிவான கொடி நாட்டின் வழியாகவும் வரட்டும் என்று சொல்லுங்கள். வாய்மொழியாக ஒப்புக்கொள்ள வேண்டாம்.

ஆற்றில் நடந்தது இப்படி என்றால் கடலோரம் வேறு கதை. ஹாங்காங்கிலிருந்து கிழக்கே பயஸ் வளைகுடா. 1920-களில் கொள்ளையர்கள் படகில் துரத்தி வரவில்லை. டிக்கெட் வாங்கிப் பயணிகளாக ஏறினார்கள். நடுக்கடலில் துப்பாக்கியை எடுத்து, கப்பலைப் பிடித்து, அந்த வளைகுடாவுக்கு ஓட்டிப்போய்க் கொள்ளையடித்து இறங்கிப் போனார்கள். பதிலுக்குக் கப்பல்களில் பிரிட்ஜையும் அதிகாரிகள் பகுதியையும் இரும்புக் கிராதி போட்டுப் பிரித்தார்கள். காவலுக்குச் சீக்கியர்களை வைத்தார்கள்.

1926 நவம்பரில் 'சன்னிங்' என்ற கப்பல் இப்படிப் பிடிபட்டது. கொள்ளையர்கள் ஷியாமெனில் பயணிகளாக ஏறியவர்கள். இருட்டில் ஒரு அதிகாரி, ஆழம் பார்க்கும் ஈயக்குண்டால் காவல் நின்றவனை அடித்து வீழ்த்த, அதிகாரிகள் பிரிட்ஜைத் திரும்பப் பிடித்தார்கள். கொள்ளையர்கள் அவர்களைப் புகைபோட்டு விரட்ட நடுக்கப்பலுக்குத் தீ வைத்தார்கள். அப்போது அதிகாரிகள் செய்ததுதான் எனக்குப் பாடம்: நங்கூரத்தைப் போட்டார்கள். நங்கூரம் பிடித்ததும் கப்பல் காற்றுக்கு முகம் திருப்பியது. புகையும் தீயும் பின்பக்கம், கொள்ளையர் இருந்த பக்கமாகத் திரும்பின. போர்க்கப்பல் வந்து சேரும்வரை அவர்களைக் காத்தது கப்பலோட்டத் தெரிந்த அறிவு. நான் பயிற்சிக்கு வரும் கேடட்டுகளுக்கு நங்கூரம் சொல்லிக்கொடுக்கும்போதெல்லாம் இந்தக் கதையைச் சொல்லித்தான் ஆரம்பிப்பேன்.

அடுத்த ஆண்டு அக்டோபரில் 'ஐரீன்' என்ற சீனப் பயணிக் கப்பல் கொள்ளையர் கையில் பயஸ் வளைகுடாவுக்குள் நுழைந்தது. அங்கே காத்திருந்த பிரிட்டிஷ் நீர்மூழ்கி 'எல் 4' நிற்கச் சொல்லிச் சுட்டது. நிற்கவில்லை. மறுபடி சுட்டது. கப்பல் தீப்பிடித்து மூழ்கியது. பெரும்பாலானவர்களைக் காப்பாற்றிவிட்டார்கள், ஆனால் எல்லோரையும் அல்ல. காக்கப் போன கப்பலையே மூழ்கடிக்க வேண்டி வந்தது.

பழைய காலம் என்று நினைக்க வேண்டாம். 2008 நவம்பர் 18 அன்று ஏடன் வளைகுடாவில் நம் கடற்படையின் 'தபார்' ஒரு கொள்ளையர் கப்பலைச் சுட்டு மூழ்கடித்தது. அதில் ஆயுதத்தோடு ஆட்கள் நின்றதும் உண்மை, மிரட்டியதும் உண்மை. ஆனால் அது கொள்ளையர்கள் பிடித்து வைத்திருந்த ஒரு தாய்லாந்து மீன்பிடிக் கப்பல் என்றும், மீனவர்கள் உள்ளே கட்டிப் போடப்பட்டிருந்தார்கள் என்றும் பிறகுதான் தெரிந்தது. பல நாள் கடலில் மிதந்து ஒருவர் பிழைத்தார். நான் இதைக் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. பிடிபட்ட கப்பலுக்கு வெளியே நிற்கிறவனுக்கு உள்ளே யார் இருக்கிறார்கள் என்று தெரியாது. அதனால்தான் பிடிபடாமல் இருப்பது நம் கையில் உள்ள வேலை.

2010-இல் நானே ஏடன் வளைகுடாவைக் கடந்தேன். எங்களுக்கு வழித்துணை யார் தெரியுமா? சீனக் கடற்படை. 2008 டிசம்பர் 26 அன்று சன்யாவிலிருந்து கிளம்பிய அவர்களின் முதல் அணியிலிருந்து தொடர்ந்து அணிகள் வந்துகொண்டிருந்தன. வேறு நாட்டுக் கப்பல்களையும் சேர்த்துக்கொண்டார்கள். யாங்சேயில் அந்நியப் பீரங்கிப் படகுகளைப் பார்த்த நாடு, இன்னொரு நாட்டின் கலவரக் கரையோரம் எங்களுக்குக் காவல் நின்றது. வித்தியாசம் ஒன்று உண்டு, அதை நான் முக்கியமாக நினைக்கிறேன். 2008 ஜூனில் ஐ.நா. பாதுகாப்பு அவை போட்ட 1816-ஆம் தீர்மானம், சோமாலியாவின் இடைக்கால அரசின் ஒப்புதலோடுதான் அதன் கடல் எல்லைக்குள் நுழையலாம் என்றது. வீட்டுக்காரன் சம்மதத்தோடு வரும் காவலுக்கும், அவனை அடித்து எழுதி வாங்கிய தாளோடு வரும் காவலுக்கும் உள்ள தூரம் அது.

பயணத்துக்கு முன் ஐந்து நாள் வேலை. முள்கம்பிச் சுருளை இரண்டு வரிசையாகக் கப்பலைச் சுற்றிக் கட்டினோம். மாலுமிகளின் தலைவரான செராங்குக்குக் கை முழுக்கக் கீறல். தீயணைப்பு ஹோஸ்களைப் பக்கவாட்டில் கட்டித் தண்ணீரைப் பாயவிட்டோம். ஸ்டீயரிங் கியர் அறையைச் சிட்டாடலாக்கினோம், கொள்ளையர் ஏறினால் எல்லோரும் உள்ளே பூட்டிக்கொள்ளும் பதுங்கறை. தண்ணீர், பிஸ்கட், மருந்து, சாட்டிலைட் போன் வைத்தோம். அன்று நான் செய்த ஒரு தப்பைச் சொல்கிறேன். போனின் ஆன்டெனாவை வெளியே இழுத்துப் பொருத்தாமல், போனை மட்டும் உள்ளே வைத்துவிட்டு 'தயார்' என்று டிக் போட்டேன். ஒத்திகையில் கேப்டன் "இங்கிருந்து யாருக்காவது பேசிக் காட்டு" என்றார். சுற்றிலும் இரும்புச் சுவர், சிக்னல் சுத்தமாக இல்லை. ஒத்திகை செய்யாமல் விட்டிருந்தால் இருபத்திரண்டு பேரையும் ஊமையாக ஓர் இரும்புப் பெட்டிக்குள் பூட்டியிருப்பேன்.

அணியில் நாங்கள் ஒன்பது கப்பல்கள், இரண்டு வரிசை. இரண்டாம் நாள் காலையில் எங்கள் எரிபொருள் வடிகட்டி அடைத்துக்கொண்டது. வேகம் மணிக்கு எட்டுக் கடல் மைலாக இறங்கியது. விஎச்எஃப் ரேடியோவில் சொன்னோம். போர்க்கப்பல் மரியாதையாகக் கேட்டுக்கொண்டது, மற்ற எட்டுக் கப்பல்களோடு போய்க்கொண்டே இருந்தது. அது சரிதான். எட்டுக் கப்பலை விட்டுவிட்டு ஒன்றுக்காக நிற்க முடியாது. ஒருமுறை ஹெலிகாப்டர் வந்து வட்டமிட்டுப் போனது. மூன்று மணி நேரம் தனியாக இருந்தோம். ஏற்றிய சுமையில் எங்கள் மேல்தளம் தண்ணீருக்கு வெகு அருகில் இருந்தது. தூரத்தில் மூன்று சின்னப் படகுகள் தெரிந்தபோது பிரிட்ஜில் யாரும் மூச்சுவிட்ட மாதிரியே தெரியவில்லை. மீனவர்கள்தான். வலையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார்கள். அந்த மூன்று மணி நேரத்தில் எங்களுக்கென்று இருந்தது முள்கம்பியும், தண்ணீர் பாயும் ஹோஸும், கண் இமைக்காமல் நின்ற வாட்ச் ஆட்களும்தான். கொள்ளையர் கண்ணில் பட்டால் கால் மணி நேரத்தில் ஏறிவிடுவார்கள். அதற்குள் எந்தக் கடற்படையும் வந்துவிடும் என்று திட்டம் போடாதீர்கள். அணியில் சேருமுன் வடிகட்டிகளை மாற்றுங்கள். இதைச் சொல்ல எனக்கு இன்றும் கூச்சமில்லை, ஏனென்றால் நாங்கள் மாற்றவில்லை.

இனி சான்ஜியாங்யிங். சீன உள்நாட்டுப் போரின் கடைசிக் கட்டம். வடகரையில் கம்யூனிஸ்டுகளின் மக்கள் விடுதலைப் படை ஆற்றைக் கடக்கத் தயாராக நிற்கிறது. உள்நாட்டு நீர்வழி உரிமைகளையெல்லாம் பிரிட்டன் 1943 ஒப்பந்தத்திலேயே விட்டுக்கொடுத்திருந்தது. நான்ஜிங்கில் காவலுக்கு நின்ற 'கான்சார்ட்' கப்பலை மாற்ற, 1949 ஏப்ரல் 20 அன்று 'அமெதிஸ்ட்' என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் ஆற்றில் ஏறி வந்தது. கரையிலிருந்து சுட்டார்கள். பிரிட்ஜ் சிதறியது, கப்பல் தீவருகே தரைதட்டியது. கேப்டன் ஸ்கின்னர் காயத்தில் இறந்தார். உதவிக்கு வந்த 'கான்சார்ட்', 'லண்டன்', 'பிளாக் ஸ்வான்' எல்லாமே அடிவாங்கித் திரும்பின. மொத்தத்தில் பிரிட்டிஷ் தரப்பில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். முதலில் யார் சுட்டது என்பதே மாதக்கணக்கில் பேச்சுவார்த்தையானது. எங்கள் பக்கம்தான் முதலில் சுட்டது என்று சீனத் தளபதி யே ஃபெய் பல்லாண்டுகள் கழித்து ஒப்புக்கொண்டார்.

ஜூலை 30 இரவு பத்து மணிக்கு மேல் 'அமெதிஸ்ட்' நங்கூரச் சங்கிலியை நழுவவிட்டுத் தப்பியது. எல்லாக் கதைகளிலும் இதுதான் வீரமான இடம். எனக்கு அந்த இடத்தில் கண் போவது வேறொரு கப்பல் மேல். ஆற்றில் விளக்குகளோடு 'ஜியாங்லிங் ஜியேஃபாங்' என்ற பயணிக் கப்பல் இறங்கிப் போய்க்கொண்டிருந்தது. பொறுப்பேற்றிருந்த கெரன்ஸ், விளக்கை அணைத்து அதன் பின்னாலேயே போனார். அதன் நிழலில் மறைவதுதான் திட்டம். கரைப் பீரங்கிகள் விழித்துக்கொண்டு சுட்டபோது அந்தப் பயணிக் கப்பல் நடுவில் மாட்டித் தீப்பிடித்தது. பலர் இறந்தார்கள் என்கிறது சீனத் தரப்பு. 'அமெதிஸ்ட்' விடிகாலையில் ஊசுங் கோட்டைகளைத் தாண்டிக் கடலைச் சேர்ந்தது. வணிகக் கப்பலைக் காக்கவென்று இந்த ஆற்றுக்குள் வந்த வழக்கம், வணிகக் கப்பலின் நிழலில் ஒளிந்து வெளியேறியது. கெரன்ஸ் தன் ஆட்களைக் காப்பாற்ற வேண்டியிருந்தது, அது எனக்குப் புரிகிறது. ஆனால் அன்று அந்தப் பயணிக் கப்பலின் பிரிட்ஜில் இரவு வாட்ச் நின்றவர் யார், அவருக்குப் பின்னால் என்ன வருகிறது என்று தெரிந்ததா? 1937 டிசம்பர் 12-ஐப் படிக்கும்போதும் இதே கேள்விதான். நான்ஜிங்குக்கு மேலே அமெரிக்கப் படகு 'பனாய்' ஜப்பானிய விமானங்களின் குண்டில் மூழ்கியது. அதன் காவலில் இருந்த மூன்று எண்ணெய்க் கப்பல்களும் அழிந்தன. ஜப்பான் 22 லட்சம் டாலருக்கு மேல் இழப்பீடு கொடுத்தது. எண்ணெய்க் கப்பல்களில் இருந்த சீன மாலுமிகள் எத்தனை பேர் செத்தார்கள் என்று யாரும் சரியாக எண்ணவில்லை.

அதனால் நடைமுறையில் நான் பின்பற்றுவது இது. கலவரப் பகுதியில் போர்க்கப்பல் விஎச்எஃப்பில் எட்டும் தூரத்தில் இருக்கட்டும், ஒட்டி வர வேண்டாம். அடையாளம் காட்டாத கப்பல் எது பின்னால் ஒட்டி வந்தாலும் நேரத்தைக் குறித்து, பெயரைக் கேட்டு, வழியும் வேகமும் மாற்றிப் பாருங்கள், துறைமுகக் கட்டுப்பாட்டுக்குச் சொல்லுங்கள். கப்பலுக்கு ஏறும் படியான கேங்வேயில் வரும் ஒவ்வொருவரின் பெயரும் பையும் பதிவாகட்டும். சந்தேகமான எதுவும் நடந்தால் கப்பலின் கறுப்புப் பெட்டியான வி.டி.ஆர். பதிவை உடனே சேமியுங்கள், பழைய வகைக் கருவி பன்னிரண்டு மணி நேரத்தில் முந்தைய பதிவை அழித்துவிடலாம். லாக் புக்கில் அபிப்பிராயம் எழுதாதீர்கள், நேரமும் இடமும் வேகமும் எழுதுங்கள். வான்லியூவின் வேகம் என்ன, சாம்பன்கள் எத்தனை மீட்டரில் இருந்தன என்று இரு தரப்பும் ஏற்கிற ஒரு வரி அன்று இருந்திருந்தால் என்று நான் பலமுறை நினைத்திருக்கிறேன்.

2013-இல் மறுபடி அதே ஆற்றில் ஏறினேன், இம்முறை சீஃப் மேட்டாக. பைலட் வேறு ஒருவர், இளைஞர், அவசரக்காரர். சான்ஜியாங்யிங் தாண்டும்போது மணல் படகுகள் வந்தன. வேகத்தைக் குறைக்கலாமா என்று நான்தான் கேட்டேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு தலையாட்டினார். பக்கத்தில் நின்ற கேடட் பையனை எழுதச் சொன்னேன்: "16.35. மணல் படகுகள் ஏழு, வலப்பக்கம், 150 மீட்டர். வேகம் டெட் ஸ்லோ. 16.52. கடைசிப் படகு தாண்டியது. அலை குறைவு. படகுகள் பத்திரம்." கடைசி வார்த்தையை எதற்கு எழுத வேண்டும் சார் என்று கேட்டான். பிரிட்ஜின் பக்கவாட்டு மாடமான விங்குக்குப் போய்ப் பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டு வந்து எழுது என்றேன். போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதினான்.